எதில் பாதி?

சென்ற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை 38 பேருக்கு மதிப்பெண் போட்டேன். எல்லோரும் பி.எட். இரண்டாம் ஆண்டு. நான் வாழ்நாளில் ஒரு பீரியட்கூட வகுப்பெடுத்தவன் இல்லை. என் வேலை மென்பொருள் எழுதுவது. பள்ளியில் என்னோடு படித்த நண்பன் காவிரிக் கரையோர ஊர் ஒன்றில், பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறான். அவன்தான் கூப்பிட்டான். "எல்லாரும் டிஜிட்டல் புராஜெக்ட் பண்ணியிருக்காங்கடா. எங்க ஸ்டாஃப்ல பாதிப் பேருக்கு அதைப் பார்த்து மார்க் போடத் தயக்கம். நீ வந்து டெக்னாலஜி சைடைப் பார்த்துக் குடு. ரூப்ரிக்கும் நீயே போட்டுடு."

அகமதிப்பீடுதான், பல்கலைக்கழகத் தேர்வு இல்லை என்றதால் சரி என்றேன். ரூப்ரிக் போடுவது எனக்குக் கைவந்த வேலை. அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது ஒரு சின்ன புராஜெக்ட் கொடுத்து, வந்ததைப் பட்டியல் வைத்து மதிப்பிடுகிறோம். அதே பழக்கத்தில் ஐந்து தலைப்புகள் எழுதினேன்: பாடப்பொருள், தொழில்நுட்பப் பயன்பாடு, காட்சி மற்றும் ஒலித் தரம், கற்றல் நோக்கம் நிறைவேறியதா, தொகுத்தளித்த விதம். ஒவ்வொன்றுக்கும் 20. கூட்டினால் 100. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியருக்குத் தொழில்நுட்பம் எதற்கு என்று கேட்கிற ஆள் நான் இல்லை. 2018ல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டு வந்தன. 2019ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து, வாட்ஸ்அப் தெரியாத ஆசிரியருக்கு வகுப்பே இல்லை என்று ஆனது. 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து தெரிகிறதா என்பதைக்கூடத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைபேசிச் செயலியில்தான் பதிவு செய்கிறார். இவ்வளவும் வேலைக்குள் வந்தபின், பயிற்சியில் மட்டும் அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளானபோது கணினி, இணையம் சார்ந்த பாடமும் அதற்குள் வந்தது. ஆகவே ஒரு பாடத்தை வீடியோவாக, ஸ்லைடாக, வினாடி வினாவாகச் செய்துகொண்டு வா என்று பயிற்சி ஆசிரியரிடம் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு மதிப்பெண் போடும்போது எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவே நண்பன் பென் டிரைவில் எல்லாக் கோப்புகளையும் கொடுத்துவிட்டான். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பார்த்ததும் ஏதோ இடித்தது. அதே ஊதா நிறப் பின்னணி, எழுத்து சுழன்று வந்து நிற்கிற அதே அனிமேஷன், கடைசி ஸ்லைடில் அதே ரோஜாப்பூவோடு நன்றி. தொழில் புத்தி சும்மா இருக்குமா, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். ஒரு கோப்பை உருவாக்கியது யார் என்று அதற்குள்ளேயே ஒரு பெயர் பதிவாகியிருக்கும். 14 கோப்புகளில் ஒரே பெயர். அது ஆளின் பெயர் இல்லை, பேருந்து நிலையத்தருகே இருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரின் பெயர். மறுநாள் காலை டீ குடிக்கப் போனபோது அந்தக் கடையைப் பார்த்தேன். ஜெராக்ஸ், பேன் கார்டு, ரயில் டிக்கெட் என்று எழுதியிருந்த பலகையில் கடைசி வரி: பி.எட். ரெக்கார்டு, புராஜெக்ட் செய்து தரப்படும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், 2010ல் என் பொறியியல் கடைசி ஆண்டு புராஜெக்டை நானும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

நாங்கள் நான்கு பேர் ஒரு டீம். ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டோம். சென்னையில் ஒரு புராஜெக்ட் சென்டர். அந்தக் காலத்தில் பொறியியல் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வரவேற்பறையில் தலைப்புகளின் பட்டியல் இருக்கும், ஹோட்டலில் மெனு கார்டு பார்ப்பது போலப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிடி, பைண்ட் செய்த ரிப்போர்ட், பிபிடி, அதோடு வைவாவில் என்னென்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு மணி நேர வகுப்பு. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் வயதானவர். எங்கள் பிபிடியை அவர் பார்க்கவே இல்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த நிரலில் ஏதோ ஒரு வரியைக் காட்டி, "இந்த லைனை எடுத்துட்டா என்னப்பா ஆகும்?" என்று என்னிடம் கேட்டார். சென்டரில் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் அது இல்லை. எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். 100க்கு 92.

நல்ல மனிதர், காப்பாற்றிவிட்டார் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி, அந்த வெள்ளிக்கிழமை இரவு பார்த்த இருபத்தாறாவது கோப்பு. அதில் பிபிடி இல்லை. ஒன்பது நிமிட வீடியோ மட்டும். கைபேசியை ஏதோ பெஞ்சின் மேல் சாய்த்து வைத்து எடுத்தது. முக்கால்வாசிக்கு மேல் மின்விசிறிச் சத்தம். ஆறாம் வகுப்பு கணக்கு, பின்னங்களின் கூட்டல். கரும்பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் எழுதி, கூட்டினால் எவ்வளவு என்று கேட்கிறார் பயிற்சி ஆசிரியை. ஒரு பையன் எழுந்து, "அஞ்சுல ரெண்டு டீச்சர்" என்கிறான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறு. அவரும் எல்லா ஆசிரியர்களையும் போல, அப்படிக் கூட்டக் கூடாது, பகுதியைச் சமமாக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். பையன் உட்காரவில்லை.

"டீச்சர், நான் ரெண்டு பால்ல ஒண்ணு அடிச்சேன். அப்புறம் மூணு பால்ல ஒண்ணு அடிச்சேன். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டுதானே டீச்சர்?"

ஆசிரியை பேசவில்லை. கையில் சாக்பீஸ். கரும்பலகையைப் பார்க்கிறார், பையனைப் பார்க்கிறார். நான் பின்னால் ஓட்டிப் போய் எண்ணிப் பார்த்தேன், 11 விநாடி. வீடியோவில் 11 விநாடி மௌனம் என்பது ரொம்ப நீளம். பிறகு சொல்கிறார்: "நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. நான் சொன்னதும் சரிதான். எங்க இடிக்குதுன்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்." வகுப்பு சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். மணி அடிக்கிறது. வீடியோ முடிந்துவிட்டது.

அந்தப் பையன் சொன்னது தப்பே இல்லை. இரண்டு பந்தில் ஒன்று, மூன்று பந்தில் ஒன்று என்றால் ஐந்து பந்தில் இரண்டுதான். அவன் இரண்டு தனித்தனிக் குவியல்களை ஒன்றாகக் கொட்டி எண்ணுகிறான். ஆனால் ஒரு தோசையில் பாதியைத் தின்றுவிட்டு, அதே தோசையில் மூன்றில் ஒரு பங்கையும் தின்றால், தட்டில் ஆறில் ஒன்றுதான் மிச்சம். உள்ளே போனது ஆறில் ஐந்து. இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்பது ஒரே கேள்வி: எதில் பாதி? முழுசு ஒன்றாக இருந்தால் ஒரு விடை, வேறு வேறாக இருந்தால் இன்னொரு விடை. பகுதியைச் சமமாக்கு என்ற விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்தக் கேள்வி வகுப்பில் எழவே எழாது. எழுந்தது. அதை அடக்கி உட்கார வைக்காத ஓர் ஆசிரியையும் அங்கே இருந்தார்.

என் ரூப்ரிக்கை எடுத்தேன். பாடப்பொருள் 15. தொழில்நுட்பப் பயன்பாடு 8, ஏனென்றால் கைபேசியைச் சாய்த்து வைத்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. காட்சி, ஒலி 7. கற்றல் நோக்கம் நிறைவேறியதா என்றால், நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் வகுப்பே முடிகிறது, 10. தொகுத்தளித்த விதம் 13. கூட்டினால் 53. முப்பத்தெட்டில் கடைசி. ஊதா நிறப் பின்னணிக்காரர்கள் எல்லோரும் எண்பதுக்கு மேல்.

ஒலித் தரத்தையும் கற்பித்தலையும் ஒரே தோசையின் துண்டுகள் போல நானும் கூட்டிவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பையனாவது, ஏன் இப்படிக் கூட்டக் கூடாது என்று கேட்டான்.

இந்த விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பி.எட். படித்தவர்கள் எல்லோருக்கும் மைக்ரோ டீச்சிங் தெரியும். 1963ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவருடைய சகாக்களும் தொடங்கியது. பயிற்சி ஆசிரியர் நான்கைந்து மாணவர்களுக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பாடம் நடத்துவார். அதை வீடியோவில் பதிவுசெய்து அவருக்கே போட்டுக் காட்டுவார்கள். எங்கே சறுக்கியது என்று பார்த்துவிட்டு அதே பாடத்தை மறுபடி நடத்துவார். இங்கே அது வந்து சேர்ந்தபோது காமிரா இல்லை. அந்த நாளில் எந்தக் கல்லூரியில் வீடியோ ரெக்கார்டர் இருந்தது? ஆகவே இந்திய முறை என்று ஒன்றை வகுத்தார்கள்: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுபடி கற்பித்தல் 6, மறுபடி பின்னூட்டம் 6. மொத்தம் 36 நிமிடம். உடன்படிப்பவர்களே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். பல இடங்களில் காலப்போக்கில் அது ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற சடங்காகிப்போனதை நண்பனே ஒத்துக்கொள்கிறான். ஆனால் மூலத்தில் இருந்த எண்ணம் எளிமையானது. சறுக்கல் வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட முறை அது. காமிரா அங்கே கண்ணாடி. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள.

அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து எட்டிபிஏ என்ற தேர்வு வந்தது. பயிற்சி ஆசிரியர்கள் தாங்கள் நடத்திய வகுப்பின் வீடியோத் துண்டுகளையும் அதைப் பற்றிய நீண்ட எழுத்து விளக்கத்தையும் அனுப்ப வேண்டும். அவர்களை நேரில் பார்த்தேயிராத ஒருவர், ரூப்ரிக்கை வைத்து மதிப்பெண் போடுவார். கட்டணம் 300 டாலர். நடத்துவது பியர்சன் நிறுவனம். பல மாநிலங்கள் ஆசிரியர் உரிமத்துக்கு இதைக் கட்டாயமாக்கின. நியூயார்க் 2014ல் கொண்டுவந்தது, 2022ல் கைவிட்டது. ஜார்ஜியாவும் வாஷிங்டன் மாநிலமும் அதற்கு முன்பே விட்டுவிட்டன. செலவு, மன அழுத்தம், வெளியாள் கையில் போகும் தீர்ப்பு என்று எதிர்த்தவர்கள் பல காரணம் சொன்னார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இரண்டிலும் இருப்பது காமிராதான். முதலாவதில் அது கண்ணாடி, இரண்டாவதில் சாட்சி. கண்ணாடி முன்னால் யாரும் பொய் சொல்வதில்லை, அதில் லாபம் இல்லை. சாட்சி என்று வந்துவிட்டால் ஆள் உஷாராகிவிடுவான். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவான். வெட்டத் தெரியாவிட்டால் வெட்டித் தருகிறவனிடம் போவான்.

இதையெல்லாம் சனிக்கிழமை மதிய இடைவேளையில் நண்பனிடம் கொட்டினேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னான்: "நேர்ல போய்ப் பார்த்து மார்க் போட்ட காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? எக்ஸ்டர்னல் வர்ற பஸ் லேட். பத்து நிமிஷம் பின்பெஞ்சுல உட்கார்ந்துட்டு அடுத்த கிளாஸுக்குப் போயிடுவார். பொண்ணு பயந்த சுபாவமா இருந்தா போச்சு. யாரு வீட்டுப் பையன், எந்த ஊரு, இதெல்லாமும் மார்க்ல வரும்டா. உன் ரூப்ரிக்குக்கு ஜாதி தெரியாது, சொந்தக்காரன் தெரியாது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குப் புரியல."

புரிந்தது. விதியை முன்கூட்டி எழுதி வைப்பது பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பு. மதிப்பிடுகிறவரின் மனசுக்கு அந்தப் பொறுப்பை விட்டால் சிலருக்கு நல்லது நடக்கலாம், பலருக்கு அநியாயம் நடக்கும். 26ஆம் கோப்பு எனக்குப் பிடித்துப்போனது என்பதற்காக ரூப்ரிக்கை மாற்றினால் மற்ற 37 பேருக்கு என்ன பதில்? அவர்கள் நான் கேட்டதைக் கொடுத்தார்கள். கேள்வி தப்பாக இருந்தது என் குற்றம், அவர்கள் குற்றமில்லை.

மதியம் வைவா. ஆளுக்கு ஐந்து நிமிடம். என் கையில் இருந்தது 2010ல் எனக்கு விடை தெரியாமல் போன அந்த ஒரே கேள்விதான். ஒவ்வொருவரிடமும் அவர்களுடைய ஒரு ஸ்லைடைக் காட்டி, "இதை எடுத்துட்டா பாடம் என்ன ஆகும்?" என்று கேட்டேன். சிலர் விழித்தார்கள். சிலர் அழகாகச் சொன்னார்கள். ஊதா நிறக்காரர்கள் எல்லோரும் விழிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் தப்பு.

இயற்பியல் படித்த ஒரு பெண். கைக்குழந்தையை வெளியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். புராஜெக்ட் ஒளிவிலகல். பிரவுசிங் சென்டர் தயாரிப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு அனிமேஷனைக் காட்டிக் கேட்டதும் தயங்காமல் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது சார். நான் கிளாஸ்ல இதைப் போடவே இல்ல. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல காசைப் போட்டேன். காசு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் பிள்ளைங்களை நகர்ந்து நிக்கச் சொன்னேன். அப்புறம் தண்ணி ஊத்தினேன். காசு மேல வந்துடுச்சுன்னு எல்லாரும் கத்துனாங்க."

"அதை ஏன் வீடியோ எடுக்கலை?"

"அதுல டெக்னாலஜி இல்லையே சார்."

அவருக்கு லேப்டாப் இல்லை. கைபேசியில் இடம் இல்லை. இருநூறோ முந்நூறோ கொடுத்து முடித்துவிட்டார். நான் அதைத் திருட்டு என்று சொல்லலாம். ஆனால் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றை மறைத்துவைத்துவிட்டு, தெரியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வரும்படி அவரைச் செய்தது என் அட்டவணையின் இரண்டாவது தலைப்பு. தொழில்நுட்பம் எவ்வளவு பயன்பட்டது என்று கேட்டிருந்தேன். எதற்குப் பயன்பட்டது என்று கேட்கவில்லை. தேவையில்லாத இடத்தில் அதை விட்டுவிட்டதற்கும் மதிப்பெண் உண்டு என்று எங்கேயும் எழுதவில்லை.

26ஆம் கோப்புக்காரர் வந்தார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. "மறுநாள் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கு நைட்டு பூரா யோசிச்சேன் சார். மறுநாள் ரெண்டு கோலிக்குண்டு டப்பாவும் ஒரு பேப்பர் தோசையும் கொண்டுபோனேன். டப்பாவுல இருக்கறதை ஒண்ணாக் கொட்டு, தோசையை வெட்டுன்னு அவனையே செய்யச் சொன்னேன். அவனே சொல்லிட்டான் சார், 'டீச்சர், இது வேற அது வேற'ன்னு."

"அந்தத் தப்பான வீடியோவை ஏன் அப்படியே அனுப்புனீங்க?"

கொஞ்சம் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "அது தப்பான வீடியோவா சார்?" என்றார்.

நான் 53ஐ மாற்றவில்லை. இயற்பியல் பெண்ணின் 86ஐயும் மாற்றவில்லை. 14 கோப்புகளின் விஷயத்தை நண்பனிடம் சொன்னேன், யார் யார் என்று சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி நடந்துகொண்டேன் என்று வாதாடலாம். ஆனால் அந்த எக்ஸ்டர்னலும் அன்றைக்கு விதிப்படிதான் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை எழுத அவருடைய தாளில் கட்டம் இல்லை. அவரைக் காப்பாற்றியவர் என்று இனிமேலும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருடமும் நண்பன் கூப்பிட்டான். புது ரூப்ரிக் அனுப்பினேன். வெட்டாத பத்து நிமிட வீடியோ. கூடவே கைப்பட ஒரு பக்கம்: இந்தப் பத்து நிமிடத்தில் எது சரியாக வரவில்லை, அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள். பிறகு அதே பாடத்தை மறுபடி நடத்தி இன்னொரு வீடியோ. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதற்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண். ஒலித் தரத்துக்கு எதுவும் கிடையாது. தொழில்நுட்பம் என்ற தலைப்பில் ஒரே கேள்வி: இதை எங்கே பயன்படுத்தினீர்கள், எங்கே வேண்டாம் என்று விட்டீர்கள், ஏன்? மதிப்பெண் போட்டு முடித்ததும் பிள்ளைகள் முகம் தெரிகிற வீடியோக்களை அழித்துவிட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். போன வருடம் அது எனக்குத் தோன்றவே இல்லை.

நண்பன் படித்துவிட்டு ஃபோன் செய்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த மாசமே அந்தச் சென்டர்காரன், சரியா வராத வீடியோ ஒண்ணு, சரியா வந்தது ஒண்ணுன்னு செட்டாப் போட்டு விப்பான்டா."

விற்பான். அதனால் வைவாவை ஆளுக்குப் பத்து நிமிடமாக ஆக்கச் சொன்னேன். 38 பேருக்கு 380 நிமிடம். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள். "அவ்ளோ நேரம் யாருடா உட்காருவா?" என்றான். எந்த ரூப்ரிக்கும் மிச்சப்படுத்திக் கொடுப்பது அந்த ஒரு நாளைத்தான். அடுத்த முப்பது வருடம் பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிற ஒருவருக்கு எதிரில், ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் மதிப்பெண் போடலாமா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இந்த முறை ஞாயிறு இரவுதான் திரும்புகிறேன்.